மதர் சொல்லிக்கொடுத்த பெபியெந்தோ

ஒன்பது வயதிலேயே எனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்றால் இன்று ஒருவரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

அது ஐம்பதுகளின் கடைசி. கொடைக்கானலில் எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த தையல் பள்ளிக்கூடத்துக்கு ஸ்பெயினிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி வந்திருந்தார். மதர் என்றுதான் கூப்பிடுவோம். என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அவருக்குச் சமையல்காரர். சாயங்காலம் நான் போனால் மதர் சூப் குடித்துக்கொண்டிருப்பார். என்னை எதிரே உட்காரவைத்து, ஒருவர் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார் என்பதைத் தன் பாஷையில் சொல்லக் கற்றுக்கொடுப்பார். நமக்குக் 'கொண்டு' மாதிரி அவர்களுக்கும் சொல்லுக்குப் பின்னால் ஒரு வால் உண்டு. சிலதுக்கு ஆந்தோ, சிலதுக்கு இயெந்தோ. துவைத்துக்கொண்டு என்றால் லவாந்தோ. சாப்பிட்டுக்கொண்டு என்றால் கொமியெந்தோ. வாலை மாற்றிப் போட்டால் ஸ்கேலால் தட்டுவார். மேஜையைத்தான், என்னை இல்லை. அந்த வகையில் எங்கள் பள்ளிக்கூட வாத்தியாரைவிட எவ்வளவோ மேல்.

எனக்கு நன்றாக வந்தது பெபியெந்தோ. குடித்துக்கொண்டு என்று அர்த்தம். மாசி பிறந்ததிலிருந்து மதர் சூப் முடிந்ததும் தம்ளர் தம்ளராகத் தண்ணீர் குடிப்பார். ஒவ்வொரு தம்ளருக்கும் தன்னைச் சுட்டிக்காட்டுவார். நான் பெபியெந்தோ, பெபியெந்தோ என்று கத்துவேன்.

பிறகு அடுக்களைப் பக்கம் கையைக் காட்டி, மாமா என்ன செய்கிறார் என்று கேட்பார்.

"எப்பக் கேட்டாலும் சமைக்கிறாருன்னே சொல்லு புள்ள" என்று மாமா சொல்லிவைத்திருந்தார். அவர் தூங்கினாலும் கொசினாந்தோ என்பேன். அதுதான் சமைத்துக்கொண்டு.

மாமாவுக்கு ஒரு பயம் இருந்தது. அந்த மாசியில் பழனிக்குக் காவடி எடுக்க மாலை போட்டிருந்தார். பங்குனி உத்திரம் வரை விரதம். கன்னியாஸ்திரி வீட்டில் முருகன் மாலையோடு நின்றால் வேலை போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பி, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு திரிந்தார். அவர் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

ஒருநாள் பாலைச் சிந்தியதற்கு என் தலையில் நறுக்கென்று குட்டினார். அந்த வலி தீரும்முன் பாடத்துக்குப் போனேன். மதருக்கும் அது தபசு காலம், ஈஸ்டர் வரை விரதம். ரொட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, விரதம் இருந்துகொண்டு என்பதற்கு அயுனாந்தோ என்று சொல்லிக்கொடுத்தார். மாமா என்ன செய்கிறார் என்று கேட்டதும், அயுனாந்தோ என்றேன். கழுத்தில் மாலை போடுவதுபோல் கையாலும் காட்டிக்கொடுத்தேன்.

மதர் எழுந்து நேராக அடுக்களைக்குப் போனார். ஒற்றை விரலால் மப்ளரை விலக்கினார்.

"வேலயவிட்டு நிப்பாட்டிராதீங்க மதர். எங்கக்கா குடும்பமே என்னய நம்பித்தான் கெடக்கு" என்றார் மாமா.

"விரதம்?" என்றார் மதர். அவருக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில் அதுவும் ஒன்று.

"ஆமாங்க. கவுச்சி வாயில படக்கூடாதுங்க. கவுச்சி பொழங்குன சட்டிங்கிறதால சூப்பக்கூட ருசி பாக்கிறதில்ல. உப்பெல்லாம் ஒரு மதிப்பாத்தான் போடுறேன்." சொல்லிக்கொண்டே கையால் வாயைப் பொத்திக் காட்டினார்.

மதர் சூப் சட்டியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கியவர், கண்ணில் நீர் வரும்வரை நிறுத்தவில்லை. "நல்லது, நல்லது" என்று மப்ளரை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

"காட்டியா குடுத்த? எமகாதகி! மாலயக் கழட்டிட்டு வந்து ஒன்னயக் கவனிச்சுக்கிறேன்" என்றார் மாமா.

அதன்பிறகும் மாமா சூப்பை ருசி பார்க்கவில்லை. மதரும் தண்ணீர் குடிப்பதை நிறுத்தவில்லை.

உத்திரத்துக்கு லீவு கிடைத்தது. மாமா மலைப்பாதையில் நடந்தே இறங்கிக் காவடி எடுத்து, மாலையைக் கழற்றிவிட்டுப் பஞ்சாமிர்தத்தோடு திரும்பினார். என்னைக் கவனிக்க மறந்துபோனார். ஈஸ்டர் அன்று கோழி சூப் வைத்து, ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு மதருக்கு ஊற்றினார். மதர் இரண்டு கிண்ணம் குடித்தார். தண்ணீரைத் தொடவே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. பாடத்தை மறந்துவிட்டாரே என்று தம்ளரை அவர் பக்கம் நகர்த்தி, "பெபியெந்தோ?" என்றேன். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார்.

அத்தனை நாளும் அவர் அவ்வளவு தண்ணீர் குடித்தது எனக்குப் பாடம் நடத்தத்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.