நாலந்தாவுக்கு நடந்த நாள்

பனியில் நனைந்த கொக்கோ இலைகள் காலடியில் நசுங்கும்போது எழும் புளித்த வாசனை, எட்டு வயதில் அம்மாவோடு நான் நடந்த ஒரு நாளை இன்றும் கண்முன் நிறுத்திவிடும்.

கொக்கோத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், அம்மாவின் தகப்பனாரான என் தாத்தா இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. சிங்கள விவசாயி ஒருவரை மணந்து, வடக்கே உள்ள நாலந்தா கிராமத்துக்குப் போய்விட்ட சின்னம்மாவுக்கு மட்டும் யாரும் சொல்லி அனுப்பவில்லை. "இந்த லயத்துல அவளுக்கு யாருமில்ல" என்று மாமாக்கள் முடிவு கட்டியிருந்தார்கள். ஆனால் அம்மா, வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை விடியலில், ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டு என் கையைப் பிடித்துக் கிளம்பினாள். அப்பா பார்த்தும் பாராதவர்போல் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அலுவிகாரைப் பாறைகளைத் தாண்டி வடக்கே போகும் வண்டிப் பாதையில், "கட்டை" என்று நாங்கள் சொல்லும் மைல்கற்களை எண்ணிக்கொண்டே போனேன். பிறகு எண்ணிக்கை தப்பிவிட்டது. வெயிலும் நிழலும் மாறி மாறி முகத்தில் விழ, நடக்கிறேனா தூங்குகிறேனா என்று தெரியாத மயக்கத்தில், காட்டுக்குள் கூரையில்லாத கல்தூண்கள் நிற்பதையும், ஓர் இடிந்த படிக்கட்டு எங்கும் போய்ச் சேராமல் வானத்தில் முடிவதையும் பார்த்தேன். அம்மா எதையும் பார்க்கவில்லை. அவள் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்திருப்பாள்.

பிற்பகலில், வயல்களுக்கு நடுவே பழைய கற்கோயில் தெரிந்தது. அங்கே நின்ற ஒரு பெண்ணிடம் அம்மா சிங்களத்தில் சின்னம்மாவின் பெயரைச் சொல்ல, அவள் அழைத்துவர ஓடினாள். நான் குளிர்ந்த வாசற்கல்லில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனேன். விழித்தபோது, இடுப்பில் குழந்தையோடு சின்னம்மா நின்றிருந்தாள்.

"ஆறு வருசம் கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சுதா, அக்கா?"

"அப்பா போயிட்டாருடி. காரியமும் முடிஞ்சிருச்சு. உங்கிட்டச் சொல்ல ஆளில்ல. அதான் நடந்து வந்தேன்."

சின்னம்மா அழவில்லை. கல்லில் படர்ந்த பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள். "என்னயக் கேட்டாரா?" என்றாள்.

தாத்தாவின் கடைசி மூன்று நாளும் அவர் பக்கத்தில் இருந்தவள் நான். தண்ணீர் கேட்டார், செத்துப்போன மாட்டைக்கூடக் கேட்டார். சின்னம்மாவின் பெயரை அவர் சொல்லவேயில்லை.

"கேட்டாரு," என்றாள் அம்மா. "கடைசி வரைக்கும் உன்னயத்தான் கேட்டாரு."

என் விரல்களை அவள் நெரித்தாள். நானும் தலையாட்டினேன். அப்போதுதான் சின்னம்மா அழுதாள். தமக்கையின் தோளில் சாய்ந்து, வயல்வெளி முழுக்கக் கேட்கும்படி அழுதாள். அன்று அவள் வீட்டில்தான் சாப்பிட்டுத் தங்கினோம்.

அந்த வயல்களை இன்று நீர்த்தேக்கம் மூடிவிட்டது. கற்கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் எழுப்பியிருக்கிறார்கள். அக்காவும் தங்கையும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன மாதம் அந்தத் தண்ணீரோரம் நின்றபோது, அன்று இடுப்பிலிருந்த குழந்தை, இப்போது தலை நரைத்துவிட்ட என் தம்பி, சிங்களம் கலந்த தமிழில் கேட்டான்: "தாத்தா கடைசியில எங்கம்மாவத்தான் கேட்டாராமே? நீங்க பக்கத்துல இருந்தீங்களாமே, அக்கா?"

"இருந்தேன் தம்பி," என்றேன். "கேட்டாரு."