பைப்புக்குப் போர்த்திய கம்பளி

அவுஸ்திரேலியா வெயில் நாடு என்றுதான் ஊரில் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன். குவேக்கர்ஸ் ஹில் என்ற இடத்தில், இங்கே குளிர்காலமான யூலை மாதத்தில் ஒரு காலை, குசினிக் குழாயைத் திறந்தேன். ஒருமுறை செருமிவிட்டு அடங்கிப்போனது. தண்ணீர் வற்றிய குழாய்களை ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தும் ஒரு சொட்டுத் தராத குழாயை இங்கேதான் பார்த்தேன். வெளிச்சுவரோடு ஓடிய செப்புக் குழாய் உறைந்திருந்தது.

நானும் குகனும் ஒரே படகில் வந்தவர்கள். ஒரு வீட்டின் பின்வளவில் இருந்த கிரானி பிளாட் என்ற சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம். முன்வீட்டில் இருந்த வீட்டுச் சொந்தக்கார அங்கிளும் யாழ்ப்பாணத்தவர்தான்; ஆனால் படிக்க வந்தவர், விமானத்தில் இறங்கியவர். கரண்ட் பில் ஏறுகிறது என்று, குளிர் தொடங்கியதுமே எங்கள் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வேலிக்கு அப்பால் நின்ற வெள்ளைக்காரர் குழாயைக் காட்டி, "ஷீ லாக்ட், மேட்?" என்றார். யாரோ பெண்ணைக் கேட்கிறார் என்று நினைத்து, "நோ லேடி ஹியர். டூ மென் ஒன்லி" என்றேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, 'ஷீ' என்றது குழாயைத்தான் என்றும், உறையாமல் இருக்க அதைச் சுற்றி மூடியாயிற்றா என்றே கேட்டதாகவும் கைகளால் காட்டினார்.

வெயில் ஏறித் தண்ணீர் வந்தபோது அங்கிளும் வந்தார்.

"பைப் வெடிச்சா நீங்கள் வேற இடம் பாக்க வேண்டியதுதான்."

விசா முடிவு தெரியாத எங்களுக்கு வேறு யாரும் வீடு தரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"சுத்துறதுக்கு ஏதும் வாங்கித் தாறீங்களோ அங்கிள்?" என்று குகன் கேட்டான்.

"ஏன், உங்களிட்ட துணி ஒண்டும் இல்லையோ?"

அன்று பின்னேரம் குகன் தன்னுடைய ஒரே கம்பளியைக் குழாயில் சுற்றிக் கயிற்றால் கட்டினான்.

"உனக்கென்ன விசரோ? நீ என்னத்தைப் போர்க்கிறது?"

"கோழி ஃபக்டரியில ஐஸ் அறைக்குள்ள நிக்கிறனான். எனக்குக் குளிர் பழகிட்டுதடா."

என் கம்பளியில் பாதியைத் தந்தாலும் வாங்கமாட்டான். ஜக்கெட்டோடு சுருண்டு படுப்பான். இருமல் வந்தது, நெஞ்சுக்குள் இறங்கியது. லீவு எடுத்தால் வேலை போய்விடும் என்று டொக்டரிடம் போக மறுத்தான். ஒருநாள் காலை என்னை அண்ணா என்று கூப்பிட்டான். அவனுடைய அண்ணன் செத்துக் கனகாலம். நான் அம்புலன்சுக்கு அடித்தேன்.

அம்புலன்ஸ் வெளிக்கிட்டபோது அங்கிள் பின்வளவுக்கு வந்தார். குனிந்து வெளிக்குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் கொட்டியது.

"நல்ல காலம். பைப்புக்கு ஒண்டும் நடக்கேல்லை."

நிமோனியா என்றார்கள். அந்தக் கிழமையே குகன் போய்விட்டான். செத்தவீட்டுக்கு அங்கிள் பூங்கொத்தோடு வந்து, "எங்கட பிள்ளை மாதிரி இருந்தவன்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு நின்றார்.

நான் கைத்தொலைபேசி வீடியோவில் ஊரிலிருந்த அவனுடைய அம்மாவுக்குப் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தேன். அங்கே வெக்கை, அழுகிறவளுக்கு யாரோ விசிறிக்கொண்டிருந்தார்கள். "கிட்டக் கொண்டு போ தம்பி, முகத்தைப் பாப்பம்" என்றாள். குனிந்தேன். என் மூச்சு பட்டுத் திரை மங்கிப் புகாராகியது. துடைக்கத் துடைக்க, அங்கே வியர்வையில் நனைந்த முகமும் இங்கே குளிர்ந்துபோன முகமும் மாறிமாறி மறைந்தன.