அரிக்காத தேமல்

தேங்காய் எண்ணெயில் கந்தகம் காயும் நாற்றம் இன்றைக்கும் என் மூக்கை விட்டுப் போனபாடில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில், ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் குடிசை வரிசையில் சொறியும் சிரங்கும் இல்லாத உடம்பைப் பார்ப்பதே அரிது. தெருவுக்கு ஒரே குழாய். குடிக்கவே தண்ணீர் போதாதபோது குளிப்பதாவது! எங்கள் அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவர், கந்தகக் கப்பல் வந்த நாட்களில் தரையில் சிந்தியதை வேட்டி மடியில் முடிந்துகொண்டு வருவார். அம்மா அதை எண்ணெயில் காய்ச்சி, நானும் தம்பிகளும் அலற அலறப் பூசிவிடுவாள்.

எங்கள் வீட்டில் அக்கா கன்னியம்மா ஒருத்திக்குத்தான் சிரங்கு வரவில்லை. எண்ணூர் உப்பளத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் அவள் மேனியைப் பார்த்தே தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டுப் போனார்கள். முழங்கைக்குப் பின்னால் மட்டும் வெளுப்பாக ஒரு தேமல் இருந்தது. அம்மா தேய்த்துப் பார்த்தாள், கிள்ளியும் பார்த்தாள். அக்கா சிரித்துக்கொண்டு நின்றாள். "அரிச்சாத்தான் சீக்கு. அரிக்காதது இன்னா பண்ணப் போவுது?" என்று அம்மா பேச்சை முடித்துவிட்டாள். ராத்திரி பகலாகச் சொறிந்துகொண்டே கிடந்த எங்களுக்கு அரிக்காத தேமல் ஒரு கொடுப்பினையாகத்தான் தெரிந்தது. எனக்கு அவள்மேல் பொறாமைகூட.

மற்றவர்கள் துணி சுற்றிப் பிடிக்கும் கஞ்சிப் பானையை அக்கா வெறுங்கையால் இறக்குவாள். 'இரும்புக் கை' என்று தெருவே மெச்சியது. போகிற வீட்டில் பிழைத்துக்கொள்வாள் என்று அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மார்கழியில் ஒருநாள் பானையை இறக்கியவளின் விரல்களில் தோல் வழன்று தொங்கியது. அம்மா வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்காவோ ஒன்றும் புரியாமல், "ஏம்மா அயுவுற? வலிக்கவே இல்ல" என்றாள்.

கந்தக எண்ணெய் கேட்டு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி அதைக் கேட்டதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். 'பெருவியாதி' என்று பொழுது சாய்வதற்குள் தெருவெல்லாம் பேச்சு. ஆஸ்பத்திரியிலும் தொழுநோய் என்றே சொன்னார்கள். சீழ் வடியும் சிரங்கோடு ஒரே பாயில் புரண்ட ஜனம், எங்கள் குடத்தைக் குழாயடியில் வைக்கவிடவில்லை. எண்ணூரிலிருந்து ஆள் வந்து சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். பாவம், அக்கா என்ன செய்வாள்? கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினாள். அவளை அந்த நோய்க்காரர்களின் விடுதியில் விட்டுவிட்டு நைனா மட்டும் திரும்பி வந்தார். குணமானதும் அழைத்துக்கொள்ளலாம் என்றார். அழைக்கவேயில்லை, அவள் அங்கேயே செத்துப்போனாள்.

இப்போது அந்தக் குடிசைகள் இல்லை. கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. என் பேத்தியின் வகுப்பில் ஒரு பையனுக்கு அதே தேமலாம்; ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிற மாத்திரையைத் தின்றுகொண்டு பள்ளிக்கூடம் போய்வருகிறானாம். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெண் பிள்ளைகள் எத்தனை என்று யார் கேட்டாலும், அம்மா சாகும்வரை "இது ஒண்ணுதான்" என்றே சொன்னாள். சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கும் என் கையைப் பிடித்து நெரிப்பாள். "வலிக்குதும்மா" என்று நான் சொன்ன பிறகுதான் விடுவாள்.