தேசம்மா வீட்டுக் கல்யாணத்தில் பந்தல் இல்லை

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போய் முகம் கறுத்துத் திரும்பியிருக்கிறேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ், "என்ன, பீச்சில் சுண்டல் விற்கப் போயிருந்தீர்களா?" என்று கேட்கிற அளவுக்குக் கறுப்பு!

காரணம், அந்தக் கல்யாணத்தில் பந்தல் கிடையாது.

நன்றாகத்தான் படித்தீர்கள். வைகாசி வெயில், கால் வைக்க முடியாத மணல், ஊர் கூடிய கல்யாணம்... பந்தல் மட்டும் இல்லை. ஒரே ஒரு பந்தக்கால் நட்டு, அதன் தலையில் மாவிலைக் கொத்து கட்டியிருந்தார்கள். அதற்கு மேலே ஆகாயம்தான்.

பெண் வீட்டாருக்கு வக்கில்லையா? அதெல்லாம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றார்களா? அவர்கள் தாலி கட்டுகிற வரை முறைத்துக்கொண்டே இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் என் தம்பி சுந்தரமும் அவனுடைய புளியங்கொட்டைகளும்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ராயபுரம் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற தேசம்மாவை இந்தப் பக்கத்தின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கூடையை இறக்குவதற்கு முன்பே சண்டையை ஆரம்பித்துவிடுவாளே, அவளேதான். எண்ணூரைத் தாண்டி, கழிமுகத்துக்கு வடக்கே அவளுடைய குப்பம். கிழக்கே கடல், மேற்கே சவுக்குத் தோப்பு. என் அடுப்பிலும் உங்கள் அடுப்பிலும் எரிகிற சவுக்கு விறகு அந்தப் பக்கத்துத் தோப்புகளிலிருந்துதான் வருகிறது.

சவுக்குத் தோப்பில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? காலடியில் மெத்தை போட்ட மாதிரி சருகு. கோடையில் அதில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும்.

போன வருஷம் விழுந்தது. மேல்காற்று நெருப்பைக் கிழக்கே, குப்பத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. மத்தியானத்தில் வழக்கமாக எழும்புகிற கடல்காற்று எழும்பியிருந்தால் நெருப்பைத் திருப்பி அனுப்பியிருக்கும். அன்றைக்கென்று அது வரவில்லை. தோப்போரக் குடிசைகள் எல்லாம் போயின. தேசம்மாவின் குடிசையும் போயிற்று. உள்ளே கிடந்த தன் அப்பனுடைய வலையை இழுத்துப் போடப் போன அவள் மகள் வள்ளிக்கு, வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

இதைத் தேசம்மா எங்கள் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னபோது சுந்தரமும் பக்கத்தில் நின்றான். அவன் காலேஜில் கணக்கு வாத்தியார்; எங்களோடுதான் இருக்கிறான். யாராவது அழுதால் ஆறுதல் சொல்லத் தெரியாது அவனுக்கு. "மரத்துக்கு மரம் எவ்வளவு தூரம்? காற்று எந்த மூலையிலிருந்து வந்தது?" என்று கேட்டானே தவிர ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபமான கோபம்.

மறுநாள் என் கூடத்துத் தரை போயிற்று. சாக்பீஸால் கட்டம் கட்டமாகப் போட்டுவிட்டான். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புளியங்கொட்டை. அது ஒரு கொத்து மரம். ஓரத்துக் கொட்டைகள் குப்பத்துக் குடிசைகள். நெருப்புக்குச் சிவப்புக் குன்றிமணி. ஒரு கட்டத்தில் பிடித்த நெருப்பு பக்கத்துக் கட்டத்துக்குத் தாவுமா, தாவாதா? அதற்குச் சோழி உருட்டுவான். காற்று வீசுகிற திசையில் தாவுவது சுலபம், எதிர்த் திசையில் கஷ்டம் என்று தனக்குத்தானே சட்டம் வைத்துக்கொண்டான். நெருப்பு அணைகிற வரை ஒரு ஆட்டம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மறுபடி... மறுபடி...

"நிஜத் தோப்பைக் கொளுத்திப் பார்க்க முடியாது இல்லையா அக்கா?" என்றான். அதுவும் சரிதான் என்று நான் அவனைத் தாண்டித் தாண்டிச் சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அவன் கண்டுபிடிக்க நினைத்தது ஒன்றுதான்: தோப்புக்கும் குப்பத்துக்கும் நடுவில் எவ்வளவு அகலம் வெற்றிடம் விட்டால் நெருப்பு நிற்கும்?

தேசம்மா மீன் கூடையோடு வந்து பார்த்தாள்.

"இன்னா தம்பி, காலேஜுக்குப் போவாம சோழி ஆடிகினு கீறே?"

விளக்கினான். அவள் முதலில் கேட்டது, "இதுல என் வூடு எது?" ஒரு கொட்டையைக் காட்டினான். கடைசியில் அவன் ஒரு அகலத்தைச் சொன்னதும், "அவ்ளோ எடம் வுட்டா நெருப்பு வராதா?" என்றாள்.

"அநேகமா வராதும்மா."

"அநேகமான்னா? வருமா, வராதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு நைனா."

"அப்படிச் சொல்ல முடியாது. நிறைய தடவை ஆடினால் எப்போதாவது ஒரு தடவை தாண்டத்தான் செய்யுது."

"அப்ப உன் கணக்கு தப்பு" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவளைச் சொல்லி என்ன? 'அநேகமாக' என்ற வார்த்தையே நம் யாருக்கும் பிடிப்பதில்லை. டாக்டரிடம் போனாலும் ஜோசியரிடம் போனாலும் நமக்கு வேண்டியது ஒரு ஆமாம், அல்லது ஒரு இல்லை. அநேகமாக என்று சொல்கிற டாக்டரை விட்டுவிட்டு வேறு டாக்டரிடம் போகிறவர்கள்தானே நாம்?

ஆனாலும் வேலை நடந்தது. தோப்புக்காரருக்கும் போன வருஷம் நஷ்டம். சுந்தரம் போய்ப் பேசியதும் அவர் சில வரிசை மரங்களை வெட்டிக்கொண்டார். குப்பத்தில் தீக்குப் பிறகு மறுபடி எழும்பியிருந்த முன் வரிசைக் குடிசைகள் பின்னால் தள்ளிப் போயின. கணக்கு தப்பு என்று சொன்ன தேசம்மாதான் முதலில் கூரையைப் பிரித்தாள். நடுவில் நீளமாக ஒரு வெறும் திடல் கிடைத்தது. சுந்தரம் அதைத் தன் சொந்த நிலம் மாதிரி போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

நெருக்கமான குப்பத்தில் ஒரு காலி இடம் கிடைத்தால் சும்மா விடுவார்களா?

வள்ளிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று, அதுவும் வைகாசியில். தேசம்மாவின் புதுக் குடிசை திடலைப் பார்த்தபடிதான் இருந்தது. திடல் முழுக்கத் தென்னங்கீற்றுப் பந்தல் போடப் போவதாகப் பூரித்துப்போய்ச் சொன்னாள். சுந்தரத்துக்குக் காப்பி புரையேறியது. நெருப்பு தாண்டக் கூடாது என்று விட்ட இடத்தில், கோடையில், காய்ந்த கீற்று! "பந்தலைக் கடற்கரைப் பக்கம் போடுங்களேன்" என்றான். கடல்காற்று கீற்றையெல்லாம் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்றாள். அவன் போன பிறகு என்னிடம் மெதுவாக மனசைத் திறந்தாள்.

"தீஞ்ச கைக்காரிய காதும் காதும் வெச்ச மாரி கட்டி அனுப்சிட்டாங்கன்னு பேசுவாங்க டீச்சரம்மா. பந்தல் போட்டு, மைக் செட்டு வெச்சி, ஊரக் கூட்டி பண்ணணும். என் பொண்ணு இன்னா திருடியா, ஒளிஞ்சி கட்டிக்க?"

எனக்கு அவள் பக்கம்தான் நியாயமாகப் பட்டது. தம்பியிடம் சொல்லவில்லை.

அவன் விடுவானா? குப்பத்துக்கே போய் எல்லார் முன்னாலும் ஆடிக் காட்டுகிறேன் என்று கிளம்பினான். நானும் கூடப் போனேன். அங்கேதான் அந்தப் படித்த முட்டாள் ஒரு காரியம் செய்தான். மணலில் கட்டம் நிற்காது என்று, அம்மன் கோயில் வாசல் சிமெண்டுத் தரையில் போய்ச் சாக்பீஸால் கட்டம் போட்டான்!

அம்மன் வாசல்... சோழி... சிவப்புக் குன்றிமணி... குப்பத்து ஜனம் என்ன நினைக்கும்? அம்மனிடம் பூப்போட்டு உத்தரவு கேட்கிற இடம் அது. பெண்கள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றார்கள். பூசாரி கற்பூரம் ஏற்றினார். சுந்தரம் நெளிந்தான். திடல் கட்டங்களில் பந்தலுக்காகக் கீற்றுத் துணுக்குகளை வைத்துவிட்டுச் சோழியை உருட்டினான்.

நெருப்பு தோப்பெல்லாம் தின்றுகொண்டு வந்தது. திடல் ஓரத்துக்கு வந்தது. சோழி விழுந்தது. தாண்டவில்லை. அணைந்துவிட்டது!

"தோ பார்றா, அம்மா உத்தரவு குடுத்துட்டா!" என்று ஒரே கூச்சல்.

"இல்லைங்க, ஒரு ஆட்டம் போதாது, இன்னும் நிறைய தடவை..." என்று சுந்தரம் கத்தினான். பூசாரி சோழியின் மேல் கையை வைத்து மூடிவிட்டார்.

"ஒரு தபா கேட்டாச்சு சாரு. திரும்பத் திரும்பக் கேட்டா அம்மா கோச்சுக்குவா."

ரயிலில் திரும்பி வருகிறபோது தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். நான் மட்டும் சிரிப்பை அடக்க வழி தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை தேசம்மா வந்தாள். சண்டை போடவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

"தம்பிய நிக்கச் சொல்லு. இன்னொரு தபா ஆடணும்."

"அம்மன்தான் உத்தரவு கொடுத்தாச்சே?" என்றான் சுந்தரம், கோபமாக.

"அது எங்க அம்மா வாசல்ல. இது ராயபுரம். இங்க எத்தினி தபா கேட்டா யாரு கோச்சுக்கப் போறா?"

கூடத்தில் மறுபடி கட்டம், திடலில் கீற்றுத் துணுக்குகள். இந்தத் தடவை சோழியை உருட்டியது தேசம்மா. பூனை மீன் கூடையைச் சுற்றி வந்தது, அவள் கவனிக்கவில்லை. நெருப்பு தாண்டியது. அடுத்த ஆட்டம், தாண்டவில்லை. அடுத்தது, தாண்டியது. அதற்கடுத்ததும் தாண்டியது. தாண்டிய ஆட்டங்களில் எல்லாம் அவள் வீட்டுக் கொட்டை தப்பவே இல்லை. அதை எடுத்துவிட்டுச் சுந்தரம் குன்றிமணியை வைப்பான். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பிறகு யாரும் சொல்லாமலே, திடல் கட்டங்களில் இருந்த கீற்றுத் துணுக்குகளை அவளாகவே பொறுக்கி வெளியே வைத்தாள். மறுபடி உருட்டினாள். நெருப்பு ஓரத்தில் நின்றது. மறுபடியும் நின்றது. ரொம்ப நேரம் ஆடிய பிறகு ஒரே ஒரு தடவை தாண்டியது.

 

"எப்பவாவதுன்னு சொன்னியே தம்பி, அன்னிக்கு எனக்குப் புரியல" என்றாள் தேசம்மா. "போன வருசம் கடல்காத்து வராம போச்சே ஒரு நாளு... அந்த எப்பவாவதுலதான் என் பொண்ணு கை வெந்துச்சு."

எழுந்தாள். தன் வீட்டுக் கொட்டையை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "அதை வெச்சுட்டுப் போங்க, ஆட்டத்துக்கு வேணும்" என்று சொல்ல வாயெடுத்த தம்பியை நான் பார்த்த பார்வையில் அவன் அடங்கினான்.

குப்பத்தை அவள் எப்படிச் சமாளித்தாள்? "பந்தலு போட்டா கோச்சுக்க மாட்டேன்னுதானே அம்மா சொன்னா? போட்டே ஆவணும்னு சொல்லலியே?" என்று கேட்டாளாம். பூசாரியே தலையை ஆட்டிவிட்டாராம்.

ஆக, போன வாரக் கல்யாணம். முகூர்த்தம் வெயில் ஏறிய பிறகுதான் நடந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் காசிமேட்டுக்காரர். தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு பொரிந்து தள்ளினார்.

"இன்னாம்மா இது கல்யாணம்? எங்கள கருவாடு மாரி காயப் போட்டுக்கீறே!"

"காயறது ஒரு நாளு மாமு" என்றாள் தேசம்மா. "தீஞ்சா ஆயுசுக்கும் கீது."

சொல்லிவிட்டு மணமேடையைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தோம். மறைக்க நிழல் ஏது? பட்டப்பகலில், ஊர் முழுக்கப் பார்க்க, வள்ளியின் சுருங்கிப்போன வலது கையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை மணமேடையைச் சுற்றி வந்தான். பிடித்த பிடியை அவன் தளர்த்தவே இல்லை.  தாய்மாமன் தலையிலிருந்த ஈரத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்று நெருப்பு வரவில்லை. கடல்காற்றும் நேரத்துக்கு எழும்பி வந்தது.

திரும்பும்போது கழிமுகத்தைக் கடக்கிற படகில் தம்பியைச் சீண்டினேன். "நெருப்பே வரலையேடா? பந்தல் போட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது போலிருக்கே?"

அவன் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஒரே ஒரு கல்யாணத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா."

தேசம்மாவுக்கு இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். நான் ஒரு நல்ல குடையாகப் பார்த்து வாங்கப் போகிறேன்.