கேட்கக் கூசும் கேள்விகள்

எங்கள் தொழிலுக்குக் காது வேண்டும்; அதைவிட முக்கியமாக, எதைக் கேட்டாலும் மேலே ஏறாத புருவம் வேண்டும். நான் தென்காசியில் மனநல ஆலோசகர். அசிங்கமான நினைப்பு வருகிறது என்றும், அசிங்கமாக ஏதோ செய்துவிட்டேன் என்றும் சொல்லிக்கொண்டு என்னிடம் ஆட்கள் வருவார்கள். அவர்களால் யாருக்காவது, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, ஆபத்து உண்டா என்று கண்டறிவது என் வேலை. வேண்டாத நினைப்பு ஒன்று தலைக்குள் புகுந்து, யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் எங்கள் கூட்டம்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கழிப்பறைக்குப் போனவர்

இசக்கிமுத்து சுந்தரபாண்டியபுரத்துக்காரர். வேன் ஓட்டுகிறார். மூன்று வயதில் ஒரு மகள். அவர் வாயைத் திறக்கும் முன்பே, எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன்: "நீங்க சொல்றது இந்த அறையைத் தாண்டாது. ஆனா ஒரு குழந்தைக்கு ஏதாவது நடந்திருந்தா, நடக்கும்போலத் தெரிஞ்சா, நான் போலீசுக்குச் சொல்லியே ஆகணும். சட்டம் அப்படி."

அவர் முகம் வெளுத்தது. "டாய்லெட் போயிட்டு வந்திருதேன் சார்" என்று எழுந்து போனார். வெகுநேரம் ஆகியும் ஆள் வரவில்லை. போனை அணைத்துவிட்டார். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. இவர் எதற்குப் பயந்து ஓடினார் என்று தெரியவில்லை. முன்னறையில் டோக்கன் கொடுக்கும் பேச்சியம்மாள் வாசலில் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: "அவரு அப்பமே வேனை எடுத்துட்டுப் போயிட்டாராம் சார். டாய்லெட்டு என்ன, சுந்தரபாண்டியபுரத்துலயா இருக்கு?"

பையோடு வந்தவர்

மறுநாள் காலை கதவு திறக்கும் முன்பே இசக்கிமுத்து வாசலில் நின்றார். கையில் ஒரு பை. உள்ளே கட்டிக்கொள்ள இரண்டு சாரம், பல்துலக்கும் பிரஷ், வயிற்றெரிச்சல் மாத்திரை. "வீட்ல கேரளாவுக்குச் சவாரின்னு சொல்லிட்டு வந்தேன் சார். போலீசு வந்தா அப்படியே போயிரலாம்லா?"

பிறகு சொன்னார். மகளைக் குளிப்பாட்டும்போது, 'தப்பாகத் தொட்டுவிடுவேனோ' என்று ஒரு நினைப்பு மின்னல் மாதிரி வருமாம். அன்றிலிருந்து அவளைத் தூக்குவதில்லை. ராத்திரி வேனிலேயே படுக்கை. நான் கூசாமல் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எப்போதாவது அப்படித் தொட்டதுண்டா? ஆசையாக இருக்கிறதா, அருவருப்பாக இருக்கிறதா? குழந்தையோடு தனியாக இருக்க வழி தேடுகிறீர்களா, தப்பித்து ஓடுகிறீர்களா? வேறு குழந்தைகளிடம்? போனில் அப்படிப் படம் எதுவும்? தொட்டதில்லை, வேறு குழந்தைகளிடமும் இல்லை, படமும் இல்லை என்றார். ஆசையா என்று கேட்டபோது குமட்டி, வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்.

மருந்து கொடுக்கும் மனநல மருத்துவரிடமும், இசக்கிமுத்துவின் மனைவியிடமும் பேச அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன். "இப்ப நீங்க சொன்னதுல போலீசுக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. இது எண்ணச் சுழற்சி நோய் மாதிரி தெரியுது, வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து பயமுறுத்தும். மருந்து உண்டு, பயிற்சி உண்டு" என்றேன். அவர் பையைத் தூக்கிக் காட்டினார். "அப்பம் இந்தப் பைய என்ன செய்யதுக்கு சார்?"

மனைவியின் கணக்கு

அவர் மனைவி செல்வியைத் தனியாகச் சந்தித்தேன். குழந்தை அப்பாவைக் கண்டால் ஒதுங்குகிறாளா, தூக்கத்தில் அலறுகிறாளா என்று விசாரித்தேன். ஒன்றும் இல்லை, வேன் சத்தம் கேட்டால் தெருவுக்கு ஓடுகிற பிள்ளை. இசக்கிமுத்துவை வரவழைத்து, அவர் வாயாலேயே நோயைச் சொல்ல வைத்தேன். செல்வி அழுதார், பிறகு அவர் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார். "பொம்பளப் பிள்ளன்னா ஆகாம வேன்ல போய்ப் படுக்கீருன்னுல்லா உம்ம அம்மகிட்ட சண்ட போட்டுட்டு இருக்கேன்!"

சிரித்தவர்

இந்த நிம்மதியில் யாரும் எங்கள் வேலையை லேசாக நினைத்துவிடக் கூடாது. அந்த வருடச் சாரல் சீசனில், குற்றால அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்தைப் போனில் படம் எடுத்துப் பிடிபட்ட ஒருவரை அவருடைய அண்ணன் அழைத்துவந்தார். வழக்கு நடந்துகொண்டிருந்தது. இவரிடமும் அதே கேள்விகள்தான். ஒன்றுக்கும் கூசவில்லை. எந்த நேரம் கூட்டம், எங்கே நின்றால் தெரியாது என்று பாதை சொல்வதுபோலச் சொன்னார்.

இசக்கிமுத்து ஓடி ஒளிந்த இடங்களை இவர் தேடிப் போயிருந்தார். அருவிப் பக்கமே போகக் கூடாது, கேமரா இல்லாத போன், வாரம் தவறாமல் என்னிடம் வர வேண்டும், அண்ணன் கூடவே இருக்க வேண்டும் என்று அண்ணனையும் வைத்துக்கொண்டு திட்டம் போட்டோம். கடைசிவரை சிரித்துக்கொண்டிருந்தவர் எழும்போது கேட்டார்: "எல்லாரும் பாக்கத்தான வாராங்க சார், நான் மட்டும் என்ன செஞ்சுட்டேன்?"

தினமும் ஒரு போன்

இசக்கிமுத்து தினமும் கூப்பிட்டார். "சார், நான் ஆபத்தானவன் இல்லல்லா?" "இல்லை." அன்று தூங்குவார். மறுநாள் அதே கேள்வி. பிறகு காலையும் மாலையும். மனிதர் நிம்மதியாக இருக்கட்டுமே என்று நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த நோய்க்கு அந்தப் பதில்தான் தீனி என்று எனக்குத் தெரியாததல்ல, பாவம் பார்த்துவிட்டேன். அவருக்கு மருந்து கொடுக்கும் மருத்துவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் எழுதிக் குடுக்காத மாத்திரை ஒண்ண அவரு வேளைக்கு ஒண்ணா முழுங்குதாரு. அந்த மாத்திரை நீங்கதான்."

அருவிக்குப் போன நாள்

பயிற்சியைச் சின்னதாகத் தொடங்கினோம். மகளுக்குச் செருப்பு மாட்டுவது, சோறு ஊட்டுவது, தூக்கிக்கொண்டு கடைக்குப் போவது. நினைப்பு வந்தால் வரட்டும். கையை எடுக்கக் கூடாது, எனக்குப் போன் செய்யவும் கூடாது. முதல் வாரம் வியர்த்துக் கொட்டியது. பிறகு குழந்தை அவரை விடவில்லை.

சாரல் நன்றாக விழுந்த ஒரு நாள், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு புலியருவிக்குப் போயிருக்கிறார். மறுநாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நினைப்பு வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சு சார். வந்த நேரத்துல பின்னால நின்ன தடியன் முழங்கையால விலாவுல ஒரு இடி இடிச்சான் பாருங்க. இவ என் முடியப் பிடிச்சுத் தொங்குதா. கீழ விழுந்திராம பிடிக்கதுலயே அத மறந்துட்டேன்."

'உங்களால் ஆபத்து இல்லை' என்ற ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடிக்க அத்தனை கேள்வி கேட்டுவிட்டு, கண்டுபிடித்தபின் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.