கறிப்பாணுக்குப் போன தூள்

அரைக்கிற மெசின் சுழலத் தொடங்கியதும் மணம் வாசலுக்கு வந்துவிட்டது. வறுத்த மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், கருகிவிடாமல் கடைசியில் போட்ட கறிவேப்பிலை. கறித்தூளுக்கு மனைவி வறுத்துத் தந்த பையை, பரிஸில் ரூ காய் தெருவில் இருக்கிற பலசரக்குக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே நின்றேன். எனக்கு முன்னால் போன ஒரு பெண் இருமிக்கொண்டே தெருவின் மறுபக்கத்துக்கு மாறினாள். எனக்குக் கண் கரித்தது. நான் ஓரிடத்தில் நிற்கிறவன் இல்லை. கடை வாசலிலும் தெரு முனைக்குப் போய்த் திரும்பிக்கொண்டுதான் இருப்பேன். அன்றைக்கு நின்றேன். அந்த மணத்துக்குள் போன வருடச் சித்திரையின் இரண்டு கிழமைகள் இருந்தன. மகள் யப்பானிலிருந்து வந்து எங்களோடு நின்ற இரண்டு கிழமைகள்.

இங்கே பட்டப்படிப்பை முடித்த கையோடு, இளம் ஆட்களுக்குக் கொடுக்கிற ஒரு வருட வீசாவில் அவள் போயிருந்தாள். ஒசாக்காவுக்கு வெளியே ஒரு சின்ன ஊர், அங்கே ரொட்டி வகைகள் சுடுகிற ஒரு பாண் கடையில் வேலை. ஆவணியில் வீசா முடியும், திரும்பி வருவாள், புரட்டாதியில் மேற்படிப்பு தொடங்கும். இடமும் கிடைத்திருந்தது. மனைவி இதை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். மகள் வருவதற்கு முன்னமே ஒரு படிக்கிற மேசையும் வாங்கியாயிற்று. துண்டு துண்டாகப் பெட்டிக்குள் வருகிற மேசை. பொருத்திப் பூட்டுவது என் வேலை. பெட்டி மகளின் அறைச் சுவரில் சாய்ந்து நின்றது.

யப்பான் என்றால் செரிப்பூவைப் பற்றிச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் குப்பையைப் பற்றித்தான் அதிகம் சொன்னாள். எந்த நாளில் எரிகிற குப்பை, எந்த நாளில் போத்தல், பால் பெட்டியைக் கழுவி வெட்டி விரித்துக் காயவைத்துக் கட்ட வேண்டும் என்பது. ஒருமுறை பிழையான நாளில் அவள் வைத்த பையைப் பக்கத்து வீட்டுக்காரி திரும்பவும் அவளுடைய வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு சொல் ஏசவில்லை. பைக்குப் பக்கத்தில் இரண்டு தோடம்பழம் வைத்திருந்தாளாம்.

"தோடம்பழம் என்னத்துக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியாதம்மா. நான் இப்பவும் யோசிக்கிறன்."

வந்த முதல் நாட்களில் மகளின் குரல் எங்களுக்குக் கேட்கவேயில்லை. அங்கே ரயிலில் ஒருவரும் கதைப்பதில்லை. தொலைபேசி அடித்தால் ஏதோ குற்றம் செய்ததுபோல் அணைத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தோடு, பரிஸில் எங்கள் சனம் கூடுகிற லா சப்பலுக்கு வந்து இறங்கியிருந்தாள். இங்கே மெத்ரோவுக்குள் ஏறிய சனம், கனடாவில் இருக்கிற தமக்கையோடு பெட்டி முழுக்கக் கேட்கும்படி சண்டை பிடிக்கும். அவள் என் காதுக்குள் கதைத்தாள். மனைவி அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டாள். இரவு குசினியில் என்னை மறித்து, "பிள்ளைக்கு என்னவோ நடந்திருக்கு. ஆரும் மனம் நோகப் பேசிப்போட்டினமோ? கேட்டுப் பாருங்கோ," என்றாள்.

பலசரக்குக் கடையில் மிச்சக் காசு வாங்கும்போது மகள் இரண்டு கையாலும் வாங்கித் தலையைக் குனிந்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என்ன தங்கச்சி, எனக்குக் கோயில் கட்டப்போறியளோ?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவும் வாயைப் பொத்திக்கொண்டு.

எனக்கு அவளோடு நடக்கக் கிடைத்தது மத்தியானத்துக்கும் பின்னேரத்துக்கும் நடுவில்தான். உணவகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த இடைவெளி தெரியும். மத்தியானச் சாப்பாடு முடிந்து குசினியைக் கழுவியதும் கதவைப் பூட்டுவார்கள், இரவுக்குத் திரும்பவும் திறப்பார்கள். கூப்பூர் என்று சொல்வோம். வீட்டுக்குப் போய்ப் படுக்கவும் காணாது, வேறு வேலை செய்யவும் காணாது. அந்த நேரத்தில் நான் நடப்பேன். இந்த நகரத்தின் பாதியை வேலைக்கும் வேலைக்கும் நடுவில்தான் பார்த்து முடித்தேன். எழுத நினைக்கிற கவிதைகளின் சில வரிகளும் அப்போதுதான் வரும். பெரும்பாலானவை இரவு அடுப்புச் சூட்டில் போய்விடும்.

நான் வேலை செய்வது ஒரு யப்பானிய உணவகத்தில். முதலாளி சீனர். குசினியில் மூன்று பேர், மூன்று பேரும் யாழ்ப்பாணம். வாசலில் சிவப்புக் காகித விளக்குக் கூடு தொங்கும். அந்த வாசலால் ஒரு யப்பானியர் உள்ளே வந்து நான் கண்டதில்லை. அங்கே அதிகம் விலைபோவது, மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுக்குள் சீஸைச் சுற்றிக் குச்சியில் குத்திச் சுடுகிற ஒரு சாப்பாடு. கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவேன்.

"அப்பா, அந்தச் சீஸ் குச்சி இருக்கெல்லோ," என்று வாய்க்கால் ஓரம் நடந்துகொண்டிருந்தபோது மகள் தொடங்கினாள். "அது அங்கை இல்லை."

"எங்கை, உன்ரை ஊரிலையோ?"

"யப்பானிலையே இல்லை. கேட்டும் பாத்தனான். படத்தைக் காட்டச் சிரிச்சவை."

"அப்ப இத்தினை வருசமா நான் என்னத்தைப் பிள்ளை வித்துக்கொண்டிருக்கிறன்?"

"பரிஸ் சாப்பாடு," என்றாள்.

பிறகு தன் கடையைப் பற்றிச் சொன்னாள். வாசலில் ஈபிள் கோபுரம் கீறிய பிரெஞ்சுப் பாண் கடை. உள்ளே இருப்பவற்றில் பாதியை அவள் பிரான்சில் கண்டதேயில்லை. சிவத்தப் பயறு வைத்த பணிஸ், சோளம் தூவிய பாண், மெலன் பழத்தின் கோடுகள் கீறிய ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே கறிப்பாண். மண்ணிறத்தில் இனிப்பான ஒரு கறியை மாவுக்குள் வைத்து மூடி எண்ணெயில் பொரிப்பது. கடையை நடத்துகிறவ ஐம்பது வயதுப் பெண். இளம் வயதில் லியோனில் கொஞ்ச மாதம் இருந்தவ. பிரான்சிலிருந்து ஒரு பிள்ளை வேலைக்கு வருகிறாள் என்று கடை வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறா.

"முதல் நாள் ஒரு வயசுபோன மனுசி வந்து என்னைக் கனநேரம் பாத்திட்டு, 'எங்கை அந்தப் பிரெஞ்சுப் பிள்ளை, இண்டைக்கு வரேல்லையோ?' எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனீ?"

"நான்தான் எண்டு சொன்னன். அவ பெரிசா வணங்கி மன்னிப்புக் கேட்டவ. அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வந்து என்னோடை பொன்ஜூர் சொல்லிப் பழகுறா."

சிரித்துக்கொண்டு வந்தவள் திடீரென்று பிரெஞ்சுக்கு மாறினாள். முக்கியமானதை அவள் எப்போதும் பிரெஞ்சில்தான் சொல்வாள். இங்கே பிறந்தேன், இங்கே படித்தேன், ஆனாலும் பள்ளிக்கூடத்திலும் வேலை கேட்டுப் போன இடத்திலும் நீ எந்த நாடு என்று இரண்டாம் தரம் கேட்பார்கள். அங்கே பிரான்ஸ் என்று சொன்னால் கேள்வி முடிந்துவிடுகிறது, என்றாள். கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு, "அதுக்காக அங்கை எல்லாம் நல்லம் எண்டு இல்லை," என்று தமிழில் சேர்த்தாள். லீவு நாட்களில் காலையிலிருந்து இரவு வரை ஒருவரோடும் ஒரு சொல் கதைக்காமல் போயிருக்கிறது. உடுப்புத் தோய்க்கிற கடையில் போய் இருந்து, மெசினுக்குள் தன் உடுப்புச் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். அறைச் சுவர் மெல்லிசு. மணம் பக்கத்து அறைக்குப் போய்விடும் என்று முதல் மூன்று மாதமும் கறி வைக்கவில்லை.

"பிறகு?"

"பிறகு கடையிலை வைச்சன்."

கறிப்பாணுக்குள் வைக்கிற கறியில் அம்மா தந்துவிட்ட கறித்தூளில் ஒரு கரண்டியைப் போட்டிருக்கிறாள். கடைக்காரி ஒரு கடி கடித்து, தண்ணீர் குடித்து, நெடுநேரம் யோசித்து, "பாதி போடு," என்றிருக்கிறா. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அது தனித் தட்டில் விற்பனைக்குப் போயிருக்கிறது. கொண்டுபோன தூள் மாசியிலேயே முடிந்துவிட்டது. இந்தக் கதையை அம்மாவுக்கும் சொல்லியிருந்தாள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போதுதான், லா சப்பல் பெருந்தெருவில் ரயில் தண்டவாளங்களுக்கு மேலே போகிற பாலத்தில், அவள் நின்றாள். கீழே கார் து நோர் ரயில் நிலையத்துக்குள் நுழைகிற ரயில் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, நான் ஆவணியிலை வரேல்லை. கடைக்காரி வேலை வீசாவுக்குப் பேப்பர் போடுறா. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"படிப்பு?"

"வேண்டாம்."

"ஏன் பிள்ளை?"

அவள் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "விடிய எழும்பிப் போய் மாப் பிசையேக்கை எனக்கு ஒரு கேள்வியும் வாறேல்லை. அவ்வளவுதான். வேறை காரணம் இல்லை. அம்மாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ. நான் சொல்லத் தொடங்கினா அவ அழுவா, பிறகு நான் நிண்டிடுவன்."

நான் யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது என்னிடம் ஒருவரும் காரணம் கேட்கவில்லை. காரணம் குண்டுகளோடு வானத்தில் சத்தம் போட்டுக்கொண்டு போய் வந்தது. இவளிடம் அப்படி ஒன்றும் இல்லை. துரத்தப்படாமல் ஒருவர் போகலாம் என்பதை எனக்கு விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

சொல்லவில்லை. மூன்று தரம் வாயெடுத்தேன். ஒருமுறை மனைவி, படிக்கப்போகிற மகளுக்கு அடுத்த வருட மெத்ரோ அட்டை எப்படி எடுப்பது என்று என்னிடம் கேட்டாள். ஒருமுறை அவளுடைய தங்கை தொலைபேசி எடுத்தாள். ஒருமுறை அவள் வேலையால் வந்து கால் இரண்டையும் சுடுதண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். காலை நான்கு மணிக்கு எழும்பிக் அலுவலகங்கள் துப்பரவாக்கப் போகிறவள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஒரு பின்னேரம் ஆணி முடுக்குகிற திருப்புளியோடு மகளின் அறைக்குப் போனேன். மேசைப் பெட்டியைச் சரித்து ஒட்டுநாடாவைக் கிழிக்கத் தொடங்கியதும் மகள் என் கையைப் பிடித்தாள். "இப்ப வேண்டாமப்பா. ஆவணியிலை பாப்பம்." நிமிர்ந்தபோது வாசலில் மனைவி, மடித்த துவாய்களை மார்போடு அணைத்தபடி நின்றாள். எங்கள் இரண்டு பேரையும் பெட்டியையும் பார்த்தாள். "சாப்பிட வாங்கோ, ஆறப்போகுது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் போவதற்கு முதல் ஞாயிறு மனைவி தூள் வறுத்தாள். யன்னல்கள் எல்லாம் திறந்து, புகை வந்தால் கத்துகிற மெசினுக்குத் துணி சுற்றி, பெரிய தாச்சியில். மகள் பக்கத்தில் நின்று தொலைபேசியில் படம் பிடித்தாள்.

"எவ்வளவு மல்லி அம்மா?"

"கண் அளவுதான்."

"கண் அளவெண்டா எத்தினை கிராம்?"

"உன்ரை கண்ணைக் கேள்." மனைவி சிரித்தாள். பிறகு அகப்பையை மகளின் கையில் கொடுத்தாள். "இந்தா, கிண்டு. நிறம் மாறேக்கை நான் சொல்ல மாட்டன், நீதான் சொல்லவேணும்."

இதற்கு முன் மகள் ஒருநாளும் கேட்டதில்லை, மனைவியும் அகப்பையை விட்டதில்லை. தாச்சி நிரம்பி நிரம்பி இறங்கியது. நான் தும்மிக்கொண்டே, "என்ன, இவ்வளவு வறுக்கிறீர்?" என்றேன்.

"கறிப்பாணுக்கும் வேணுமாம் எல்லோ," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அரைக்கக் கொண்டுபோனபோது கடைக்காரர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, யப்பானிலை தேர்த் திருவிழாவோ?" என்றார். நானும் சிரித்தேன். எனக்கு அப்போதும் ஒன்றும் பிடிபடவில்லை.

போகிற நாள் திங்கள், எனக்கு லீவு. விமான நிலையத்துக்கு வரவேண்டாம் என்று மகள் முதலே சொல்லியிருந்தாள். சூட்கேஸை உருட்டிக்கொண்டு கார் து நோர் வரைக்கும் மூன்று பேரும் நடந்தோம். வழி முழுக்க மனைவியிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். கீழே இறங்கி, பிளாட்போமில் நின்றபோது அதற்கு இடமில்லாமல் போயிற்று. மகள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் தானே சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது, வாயைத் திறந்தாள்.

மனைவி முந்திக்கொண்டாள். மகளின் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, நாளைக்கு என்ன சமையல் என்று கேட்கிற குரலில் சொன்னாள். "தூளை ஃபிறீசருக்குள்ளை வை. வெளியிலை வைச்சா வண்டு பிடிச்சிடும். பாதி பாதியாப் போட்டுப் பாவிச்சா ஒரு வருசத்துக்குக் காணும். அடுத்த சித்திரைக்கு நான் புதுசா வறுத்து அனுப்புறன்."

ரயில் சத்தத்தோடு உள்ளே வந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சூட்கேஸின் கைப்பிடியை எடுத்து மகளின் கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள்.

"அம்மா," என்றாள் மகள். அங்கே பழகிய அந்தச் சின்னக் குரலில், தமிழில். "உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. கதவு பூட்டப்போகுது, ஏறு."