கைகளை மட்டும் காட்டிய படம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒருபோதும் கூச்சம் இருந்ததில்லை. தொழிற்சாலைகளில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் கொடுமைகளை ஆவணப்படமாக எடுக்கிற ஓர் அம்மையார், தமிழ்ப் பெண்களிடம் பேச ஓர் உதவியாளர் வேண்டும் என்று கேட்டபோது, அந்த வேலைக்காகவே நான் பிறந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். ஒப்புதல் படிவத்தை மூன்று மொழிகளில் நானே எழுதினேன். "உங்கள் அடையாளம் முழுமையாகப் பாதுகாக்கப்படும்" என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன்.

மூன்று மாதம் அலைந்தும் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. "நல்ல விஷயம்மா, செய்யுங்க" என்று வாழ்த்தி, கோப்பி கொடுத்து அனுப்பினார்கள். பாகான் டாலாமில் அக்கா வீட்டில் உட்கார்ந்து, நம் பெண்களுக்கு விழிப்புணர்வே இல்லை என்று சலித்துக்கொண்டேன். அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மூஞ்சி தெரியாதுல்ல?" என்றாள்.

"தெரியாது."

"உங்க அத்தானுக்கும் தெரியக் கூடாது."

அக்காவுக்கும் அது நடந்திருக்கிறது என்று எனக்கே அப்படித்தான் தெரியவந்தது.

அக்கா பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, பிறை என்ற பக்கத்து ஊரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவள். அங்கே ஸ்டோர் அறை, ஒரு சூப்பர்வைசர். கேமராவுக்கு முன்னால் அதைச் சொன்னபோது அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஏன் உடனே வேலையை விடவில்லை?" என்று கேட்டேன். நான் தயாரித்த கேள்விகளில் ஏழாவது அது.

"தங்கச்சி பரீட்சை எழுதணும். நான் வேலைய விட்டா அவ படிப்பு என்ன ஆகறது?"

அந்தத் தங்கச்சியைப் பற்றி மேலும் கேளுங்கள் என்று அம்மையார் எனக்குச் சைகை காட்டினார். தொண்டை வறண்டுவிட்டது என்று சொல்லித் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். பிறகு ஆளைக் காட்டிக்கொடுக்கும் சொற்களையெல்லாம் வெட்டியபோது, பிறையோடு சேர்த்துத் தங்கச்சியையும் வெட்டினோம். அதில் எனக்கு ஆட்சேபணை இருக்கவில்லை.

முகத்துக்குப் பதிலாகக் கைகளைக் காட்டலாம் என்று சொன்னதும் நான்தான். ஜார்ஜ்டவுனில் ஒரு கடை மாடியில் அக்கா ரவிக்கை தைக்கிறாள். படத்தில் ஒன்பது நிமிடம் அவள் கைகள் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டே இருக்கும், குரல் பேசிக்கொண்டிருக்கும். குரலையும் கணினியில் மாற்றினோம். அது ஏறக்குறைய ஆண் குரலாகிவிட்டது. பிறகு படத்தைத் திரையிட்ட மண்டபத்தில் ஆண்கள் கடைசிவரை கவனமாகக் கேட்டதற்கு அதுதான் காரணம் என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம்.

மண்டபம் ஜார்ஜ்டவுனில் ஒரு சங்கத்துடையது. மகளிர் தின விழா. ஞாயிறு காலையில் கோலப் போட்டி, தோரணம் பின்னும் போட்டி, அடுத்துப் பாலியல் வன்முறை, அதன் பிறகு பகல் உணவு என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். சிறப்பு விருந்தினருக்காக ஒரு மணி நேரம் காத்திருந்ததை மட்டும் அச்சடிக்கவில்லை. அவர் வந்து, பெண் என்பவள் குத்துவிளக்கு, விளக்கைத் தெருவில் வைத்தால் காற்று சும்மா இருக்குமா என்று கேட்டார். கைதட்டல் கிடைத்தது. இன்னொரு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லி, படம் தொடங்குமுன்பே புறப்பட்டுவிட்டார்.

அத்தான் வார நாளில் லாரி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சங்கத்தின் மைக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் அவர்தான் பொறுப்பு. அதனால் அக்காவிடம் வர வேண்டாம் என்று நான் கெஞ்சியிருந்தேன். "வராட்டிதான் ஏன் வரலன்னு கேப்பாரு" என்று சொல்லிவிட்டு, பெண்கள் பக்கம் நடுவரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் கைகள் வந்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, பெண்கள் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது. என் முன்னால் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கொறிப்பதை நிறுத்தினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அங்கே பட்டுப் புடவையில் வந்திருந்த பாதிப் பேர், கையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கைகளுக்கு முன்னால் அளவு கொடுக்க நின்றவர்கள். ஊசி ஏறிப் பிளந்த இடது கட்டைவிரல் நகமும், நூலைச் சுண்டி முடிச்சுப் போடும் விதமும் அவர்களுக்கு அக்காவின் முகத்தைவிட நன்றாகத் தெரியும். மூன்று மொழிகளில் பாதுகாப்பு எழுதிய எனக்கு இது தோன்றவில்லை.

யாரும் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பெண்கள் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்காமல் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அக்கா கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தாள். அத்தானைப் பார்த்தேன். கண்களைத் துடைத்துக்கொண்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

படம் முடிந்ததும் ஆண்கள் பக்கம் கலந்துரையாடல் தொடங்கியது.

"இது நம்ம ஏரியா இல்ல. பேச்சப் பாத்தா ஈப்போ பக்கம் மாதிரி இருக்கு."

"பொம்பளப் பிள்ளைய ஷிஃப்டு வேலைக்கு அனுப்பினா வேற என்ன நடக்கும் லா?"

அப்போது அத்தான் மைக்கை எடுத்தார். அந்த மைக்கில் "ஹலோ, ஹலோ" தவிர அவர் வேறெதுவும் பேசி நான் கேட்டதில்லை.

"யாரா இருந்தாலும் அந்த அக்காவுக்கு நம்ம சங்கம் மரியாதை செய்யணும். பொம்பளைங்க பக்கம் யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. இங்க மேடைக்குக் கூப்பிட்டு, எல்லார் முன்னாடியும் பொன்னாடை போத்துவோம்."

ஆண்கள் கை தட்டினார்கள். கச்சான் அம்மா நிதானமாக எழுந்தார்.

"தெரியாது தம்பி."

"கைய வச்சு யாரு என்னான்னு கண்டுபிடிக்கிறது?" என்றது பெண்களின் பின்வரிசை. "எல்லார் கையும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"சோறு ஆறுது லா. அந்தப் பொண்ண விட்டுட்டு எழுந்து வாங்கண்ணே."

சிரிப்பில் கூட்டம் கலைந்தது. பரிமாறப் போன அக்காவின் கையிலிருந்து ஒருத்தி கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அவளை உட்கார வைத்தாள். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை.

மூன்று மணிக்கு வீடு திரும்பும்போது, தீவையும் கரையையும் இணைக்கும் பாலத்தில் ஜேம். கார் ஊர்ந்தது. அத்தான் உற்சாகமாக இருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நீதானே படம் எடுத்த. யாருன்னு சொல்ல மாட்டியே?"

"எழுதிக் கொடுத்திருக்கேன் அத்தான். சொல்லக் கூடாது."

"அந்தப் பொண்ணோட புருஷன நெனச்சாத்தான் பாவமா இருக்கு."

"ஏன் பாவம்?" என்றாள் அக்கா, கடலைப் பார்த்தபடி.

"ஒண்ணுமே தெரியாம வாழறான்ல?"

"நல்லாத்தான் வாழறான். மைக்கப் புடிக்கிறான். பொன்னாடை போத்தணும்ங்கறான்."

முன்னால் இருந்த கார் நகர்ந்தது. அத்தான் நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். இரண்டாவது ஹாரனுக்குத்தான் கியரை மாற்றினார்.

"அங்க இருந்தவங்களுக்குத் தெரியுமா?"

"பொம்பளைங்களுக்குத் தெரியும்."

"எல்லாருக்குமா?"

"ரெடிமேட் வாங்கிப் போடறவங்களுக்குத் தெரியாது."

"எனக்கு மட்டும்தான் தெரியல" என்றார். முதலில் அவருக்கு வலித்தது அதுதான். ஆண் மனம், அதன் அகந்தை, சமூகம் என்று பின்சீட்டில் எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. படித்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். விழுங்கிவிட்டேன்.

"யாரு அவன்? பேரச் சொல்லு. இப்ப எங்க இருக்கான்?"

"அவனப் பத்தித்தான் எல்லாரும் கேப்பாங்க. என்னப் பத்தி ஏதாச்சும் கேளுங்க."

அத்தான் பாலம் மேடேறி இறங்கும்வரை யோசித்தார். பிறகு,

"அங்க நீ சாப்பிடவே இல்லல்ல?" என்றார்.

"இல்ல" என்றாள் அக்கா. அன்று முதல்முறையாக அவள் குரல் உடைந்தது.

பிறகு அவளாகவே சொல்லத் தொடங்கினாள். எனக்கும் கேமராவுக்கும் சொல்லாத இரண்டு விஷயங்களை அவரிடம் சொன்னாள். அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. வீட்டுக்குத் திரும்பும் சாலை வந்தது. அத்தான் திருப்பவில்லை. அவள் பேசி முடிக்கவில்லை என்பதால், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் நேராக ஓட்டிக்கொண்டே போனார்.